4 நட்சத்திரம் போட்டது தப்பா?

ஈப்போவிலிருந்து பினாங்குக்கு வேலைக்கு வந்திருக்கும் ஒரு தங்கச்சியின் கேள்வி இது. பாயான் லெப்பாஸிலிருந்து ஜார்ஜ்டவுனுக்கு ஆப்பில் கார் எடுத்திருக்கிறார். சவாரி நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பிரமாதம் என்று சொல்ல எதுவும் இல்லை, அதனால் 4 நட்சத்திரம் போட்டாராம். கூட வந்த தோழி "ஏன்டி அந்த மனுஷன் வயித்துல அடிக்கிறே" என்று கோபித்துக்கொண்டாள். மனதில் பட்டதைப் போட்டது தப்பா, எல்லாருக்கும் 5 போட்டால் அந்த 5-க்கு என்ன மதிப்பு, நிஜமாகவே ஒருவர் மோசமாக நடந்துகொண்டால் என்ன செய்வது என்று மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்.

நான் பத்து ஃபெரிங்கியில் ஒரு கடற்கரை ஹோட்டலில் விருந்தினர் சேவைப் பிரிவில் நெடுநாள் வேலை பார்த்தவன். அதற்குப் பிறகு ஒரு கால் சென்டரில், வாடிக்கையாளர்கள் போடும் மதிப்பெண்களைத் தொகுத்து மாதாமாதம் மேலிடத்துக்கு அறிக்கை கொடுக்கும் வேலை. நீங்கள் அழுத்தும் நட்சத்திரம் அந்தப் பக்கம் போய் என்ன ஆகிறது என்று பார்க்கிற நாற்காலியில் உட்கார்ந்திருந்ததால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் நேரடியான பதில். உங்கள் தோழி சொன்னதுதான் சரி. மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும் என்று நீங்கள் நினைத்ததும் நல்ல விஷயம்தான், ஆனால் அதைச் சொல்கிற இடம் அந்த நட்சத்திரம் கிடையாது. நிறுவனத்துக்கு நம் கருத்தைச் சொல்கிறோம் என்று நினைத்துக்கொண்டு அழுத்துகிறோம், அது போய் விழுவது ஒரு தனி மனிதனின் பேரேட்டில். அந்தப் பேரேட்டை வைத்துத்தான் அவருக்குச் சலுகையும் ஊக்கத்தொகையும், மோசமாகப் போனால் கணக்கை முடக்குவதும்.

நமக்கு இந்தக் குழப்பம் வருவதற்குக் காரணம் பள்ளிக்கூடம். ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் தேர்வில் 80 வாங்கினால் ஏ என்று வளர்ந்தவர்கள் நாம். ஐந்துக்கு நாலு என்றால் 80, அது நல்ல மார்க், அதை வாங்கியவர் சந்தோஷப்பட வேண்டும் என்றுதான் தோன்றும். ஆப்புகள் அந்த அளவுகோலில் ஓடுவதில்லை. ஊபர் ஓட்டுநர்களின் கடைசி 500 மதிப்பெண்களின் சராசரியை எடுப்பது வழக்கம், அமெரிக்காவில் அது 4.6-க்குக் கீழே போனால் கணக்கை மூடிவிடும் நிலை இருந்தது என்பது பத்து வருஷத்துக்கு முன்பே வெளியே வந்த செய்தி. ஊபர் 2018-ல் தென்கிழக்காசியத் தொழிலைப் போட்டி ஆப்பான கிராபிடம் விற்றுவிட்டுப் போய்விட்டது. ஒவ்வொரு நிறுவனமும் எல்லைக் கோட்டைத் தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும், ஆனால் பெரும்பாலும் அது நாம் நினைக்கிற மூன்றிலோ மூன்றரையிலோ இருக்காது.

இப்போது நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களைப் போலவே எல்லாப் பயணிகளும் "நல்ல சவாரி, பிரமாதம் இல்லை" என்று 4 போட்டால் அந்த ஓட்டுநரின் சராசரி 4. அப்படி ஒரு கோடு 4.6-ல் இருந்தால், ஒருவர்கூட அவரைக் குறை சொல்லாமலே, எல்லாரும் நல்லவர் என்று சொல்லிச் சொல்லியே அவர் வேலை போய்விடும். இன்னொரு கணக்கு: சராசரி 4.8-ல் நிற்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரோ ஒருவர் போட்ட ஒரு 4-ஐ ஈடுகட்ட நாலு பேர் 5 போட வேண்டும். ஒரே ஒரு 1 நட்சத்திரத்தை ஈடுகட்ட 19 பேர் 5 போட வேண்டும். மழையில் மூடு கெட்டுப்போய் ஒருவர் தட்டிவிட்டுப் போனதைச் சரிக்கட்ட இந்த மனிதர் இன்னும் 19 பேரைக் குறையில்லாமல் கொண்டுபோய் இறக்க வேண்டும். அந்த 19 பேரும் மறக்காமல் போனை எடுத்து அழுத்தவும் வேண்டும், அதுதான் இன்னும் கஷ்டம். திருப்தியாக இறங்கிப் போகிறவர் ஆப்பைத் திறப்பதே இல்லை.

ஆப்புக்கு மட்டும்தான் இந்த வழக்கம் என்று நினைக்காதீர்கள். காரை சர்வீஸ் சென்டரில் விட்டு எடுத்து வந்த மறுநாள் ஒரு போன் வரும், "எங்களை நண்பர்களுக்குச் சிபாரிசு செய்வீர்களா, பூஜ்யம் முதல் 10 வரை எவ்வளவு கொடுப்பீர்கள்" என்று. நாம் பெருந்தன்மையாக 8 என்போம். அந்தக் கணக்குக்கு நெட் பிரமோட்டர் ஸ்கோர் என்று பெயர், ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்க ஆலோசகர் 2003-ல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிப் பரப்பியது. அதில் 9-ம் 10-ம்தான் ஆதரவு. 7-ம் 8-ம் எந்தப் பக்கமும் சேராது. 6-ம் அதற்குக் கீழேயும் எதிர்ப்பு ஓட்டு, 6 போட்டாலும் பூஜ்யம் போட்டாலும் ஒரே கணக்கு. ஆக நீங்கள் மனதார மெச்சிக் கொடுத்த 8, அந்தக் கவுண்டரில் உங்களிடம் பொறுமையாக எல்லாம் விளக்கிய பையனுக்கு ஒன்றுமே கொடுக்காததற்குச் சமம். கவுண்டரில் அவன் கொஞ்சம் கூச்சத்தோடு "அண்ணே, போன் வந்தா பத்து சொல்லிடுங்கண்ணே" என்று கேட்டால் எரிச்சல் படாதீர்கள். கெஞ்சி மார்க் வாங்குகிறான் என்று தோன்றும். அவனுக்கு விதிமுறை தெரியும், நமக்குத் தெரியாது, அவ்வளவுதான் விஷயம். எங்கள் கால் சென்டரில் சில பேருக்கு அப்படிக் கேட்கவும் அனுமதி இல்லை, கேட்டது பதிவில் வந்தால் அதற்கு வேறு மெமோ.

சரி, பணத்தை விடுங்கள். அந்த எண் ஒரு மனிதனை உள்ளே என்ன செய்கிறது என்று அதிகம் பேர் யோசிப்பதில்லை, எனக்கு அதுதான் பெரிய விஷயமாகப் படுகிறது. என் மனைவியின் அண்ணன் தொழிற்சாலை ஷிஃப்ட் முடிந்ததும் ஆப்பில் காடி, அதாவது கார், ஓட்டுகிறார். ஒரு நாள் ராத்திரி ஜெலுத்தோங்கில் நாசி கண்டார் கடையில் உட்கார்ந்திருந்தோம், தட்டில் சோறு அப்படியே இருக்கிறது, மனிதர் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறார். காலையில் 4.93 இருந்தது, இப்போது 4.91. யார் போட்டார்கள் என்று ஆப் சொல்லாது, எதற்கு என்றும் சொல்லவில்லை. அவர் அன்றைக்கு ஏற்றிய ஒவ்வொருவரையும் என்னிடம் ஒப்பித்தார். கொம்தாரில் ஏறிய சீன அம்மா குளிருது என்றார்கள், உடனே ஏர்கோனைக் குறைத்தேனே மச்சான். யூஎஸ்எம் பல்கலைக்கழகப் பிள்ளைகள் ரெண்டு பேர், பாட்டு போடச் சொன்னார்கள், போட்டேன். பாலத்தில் நெரிசல், விமானத்துக்கு நேரமாகிறது என்று பின்னால் ஒருவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார், அவராக இருக்குமோ? இல்லை, அந்த அம்மாவிடம் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டேனே, அது பிடிக்கவில்லையோ? கடைசியில் அவராகவே ஒரு முடிவுக்கு வந்தார், இனிமேல் யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று. அன்றைக்கு அப்புறம் அவர் காடியில் ஏறினால் "வணக்கம்", இறங்கினால் "நன்றி". நல்ல பேச்சுக்காரர். யாரோ எதற்கோ போட்ட மார்க், அவர் தப்பே இல்லாத ஒரு பழக்கத்தை விட்டுவிட்டார்.

எண் மட்டும் தனியாகப் போனால் இதுதான் நடக்கும். அதிலிருந்து யாரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது, பயப்படத்தான் முடியும். "பிரேக் கொஞ்சம் திடீரென்று போடுகிறார், பின்னால் உட்கார்ந்தவருக்குக் குமட்டுகிறது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அது பாடம். மனதில் பட்டதைச் சொல்ல வேண்டும் என்று துடிக்கிறீர்களே, அந்த நேர்மைக்கு இடம் அந்த ஒரு வரிதான். அதைவிட நல்ல இடம் வண்டிக்குள்ளேயே இருக்கிறது: "அண்ணே, கொஞ்சம் மெதுவா போங்க, எனக்கு ஒரு மாதிரி இருக்கு." சொன்னால் தொண்ணூறு சதம் பேர் உடனே கேட்பார்கள். நேரில் வாய் திறக்காமல் புன்னகையோடு இறங்கிவிட்டு, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நட்சத்திரத்தைக் குறைப்பது நம் ஆட்களிடம் பெரிதாகப் பரவிவிட்ட பழக்கம். எனக்கு அது பிடிக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்கிறேன்.

அடுத்தது, நாம் மார்க் போடும்போது எதற்குப் போடுகிறோம் என்று ஒரு நொடி நின்று பார்க்க வேண்டும். கால் சென்டரில் 1-ம் 2-ம் வாங்கிய அழைப்புகளை நான் திரும்பக் கேட்பேன். அதில் பெரும்பகுதி பேசியவர் மேல் கோபமே இல்லை. பில் தொகை மேல் கோபம், மூன்று நாளாக வராத டெக்னீஷியன் மேல் கோபம், லைனில் காத்திருக்க வைத்த இசை மேல் கோபம். எல்லாம் சேர்ந்து கடைசியில் போனை எடுத்த பெண்ணின் பெயரில் பதிவாகும். சவாரியிலும் அதேதான். மழை நேரத்தில் கட்டணம் ஏறியது ஓட்டுநர் செய்ததில்லை. மேப்பில் குறி தப்பாக விழுந்து பின்வாசலில் வந்து நின்றது அவர் செய்ததில்லை. பாலத்தில் மாலை நெரிசல் பினாங்கில் இருக்கும் குழந்தைக்கும் தெரியும்.

சாப்பாடு கொண்டுவரும் பையன்கள் பாடு இன்னும் மோசம். ஒரு கொண்டோவுக்கு எட்டு மணிக்கு ஓடர் வருகிறது என்று வையுங்கள். கடையில் இருபது நிமிஷம் நிற்க வைக்கிறார்கள். மோட்டோவை எடுத்துக்கொண்டு வந்தால் கார்டு போஸ்ட்டில் ஜாகா, அதாவது காவலாளி, நிறுத்தி, ஐசியை (அடையாள அட்டையை) வாங்கி வைத்துக்கொண்டு, மோட்டோவை வெளியே விடச் சொல்கிறார். அங்கிருந்து பிளாக் சி வரை நடை. லிஃப்டுக்கு அக்சஸ் கார்டு வேண்டும், அவனிடம் இல்லை, குடியிருப்பவர் யாராவது வரும்வரை லாபியில் நிற்க வேண்டும். போன் அடித்தால் மேலே எடுக்கவில்லை. இதெல்லாம் தாண்டிக் கதவைத் தட்டும்போது சாப்பாடு ஆறியிருக்கும், பையைப் பிரித்தால் சம்பலை வைக்க மறந்திருப்பார்கள். பை கடையிலேயே ஒட்டி மூடியது, அவன் திறந்து பார்க்கவே கூடாது. ஆனால் திரையில் முதலில் வருவது அவன் முகமும் அவன் பெயரும்தான், விரல் தானாகவே அங்கே போகிறது. கடைக்குத் தனி மதிப்பெண் கேட்கும் ஆப்பில் அதைக் கடைக்குப் போடுங்கள். ஜாகா பிரச்சினைக்கு உங்கள் கொண்டோ நிர்வாகக் குழுவுக்கு எழுதுங்கள், அந்த ஜாகாவும் பாவம் நேப்பாளத்திலிருந்து வந்து கொடுத்த உத்தரவைச் செய்கிறவர்.

அப்புறம் முகம், நிறம், மொழி. இதைச் சொல்லாமல் போனால் பதில் முழுமை ஆகாது. 2025-ல் நேச்சர் இதழில் ஓர் ஆய்வு வந்தது. வட அமெரிக்காவில் வீட்டுப் பழுதுபார்ப்பு வேலைகளுக்கு ஆள் அனுப்பும் ஓர் ஆன்லைன் தளத்தைப் பற்றியது. ஐந்து நட்சத்திர முறை இருந்தவரை வெள்ளையர் அல்லாத தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் குறைவாகவே மதிப்பெண் விழுந்திருக்கிறது, அதை வைத்துச் சம்பளம் கணக்கிட்டதால் ஒரே வேலைக்கு வெள்ளையர் ஒரு டாலர் வாங்கினால் இவர்கள் வாங்கியது 91 சென். தளம் ஐந்து நட்சத்திரத்தை எடுத்துவிட்டு, பிடித்தது அல்லது பிடிக்கவில்லை என்று இரண்டே தேர்வாக மாற்றியதும் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கெட்ட எண்ணத்தோடு 1 போட்டவர்கள் இல்லை, அதைக் கவனியுங்கள். 5 போட வேண்டிய இடத்தில் 4 போட்டார்கள், அவ்வளவுதான். "நல்லாத்தான் இருந்தது, ஆனால் என்னவோ ஒண்ணு குறையுது" என்கிற அந்த நாலில்தான், நமக்கே தெரியாத பாரபட்சம் போய் ஒளிந்துகொள்கிறது.

இங்கே அதைப் பொருத்திப் பார்ப்பது கஷ்டமே இல்லை. லிட்டில் இந்தியாவில் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகளில் பரிமாறும் தம்பிகள் பல பேர் ராமநாதபுரத்திலிருந்தும் புதுக்கோட்டையிலிருந்தும் வந்தவர்கள். பாத்திரம் கழுவும் இடத்தில் வங்காளதேசத்துப் பையன்கள். அவர்களைப் பற்றி கூகுள் மேப்பில் நம் ஆட்கள் எழுதுவதைப் படித்தால் மனசு வலிக்கும். "சிரிக்கவே மாட்டேங்கிறான்", "மூஞ்சியை உர்ருன்னு வெச்சிருக்கான்", "மலாய் தெரியல, ஏன் வேலைக்கு வெச்சீங்க". கூடவே போட்டோ வேறு, முகம் தெளிவாகத் தெரிய. விடியற்காலையில் சாம்பார் கலக்க ஆரம்பித்தவன் ராத்திரி பத்து மணிக்குச் சிரிக்கவில்லை. அந்தப் பையனின் வேலை பெர்மிட் அந்த முதலாளியின் பேரில் இருக்கிறது. இங்கே பிடிக்கவில்லை என்று பக்கத்துக் கடைக்குத் தாவ முடியாது, வேலை போனால் ஊருக்குத்தான் போக வேண்டும், அங்கே ஏஜெண்டுக்குக் கட்டிய கடன் காத்திருக்கும். நமக்கு ஒரு சாயங்காலக் கடுப்பு, அவனுக்கு அது வேறு கணக்கு. ரசம் ஆறியிருந்தால் "தம்பி, கொஞ்சம் சூடா கொண்டு வாப்பா" என்று சொன்னால் ரெண்டு நிமிஷத்தில் வந்துவிடும். கடையைப் பற்றி எழுத வேண்டும் என்றால் கடையைப் பற்றி எழுதுங்கள்: விலை, ருசி, சுத்தம், காத்திருந்த நேரம். ஆளை அடையாளம் காட்டாதீர்கள். பாராட்டுவதாக இருந்தால் மட்டும் தாராளமாக ஆளைக் காட்டுங்கள்.

நம் ஆட்கள் நம் ஆட்களுக்குத்தான் மார்க்கைக் குறைப்பார்கள் என்றும் ஒரு அனுபவம் எனக்கு உண்டு. ஓட்டுநர் தமிழர் என்று தெரிந்ததும் "அண்ணே, அப்படியே அந்தக் கடையில ரெண்டு நிமிஷம் நிறுத்துங்க, தாப்பாவ் (பார்சல்) பண்ணிக்கிறேன்" என்பார்கள். அவர் நிறுத்த முடியாது என்றால் "நம்மாளு, இருந்தும் திமிரு" என்று ஒரு நட்சத்திரம் போகும். இதே வேண்டுகோளை வேறு இனத்தவரிடம் வைத்தே இருக்க மாட்டார்கள். உறவு கொண்டாடுவது நல்லதுதான், அதற்கு மார்க்கைப் பணயம் வைக்கக் கூடாது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி, எல்லாருக்கும் 5 போட்டால் அதற்கு என்ன மதிப்பு என்பது. நியாயமான கேள்வி. உண்மையில் அந்த அளவுகோல் எப்போதோ தேய்ந்துவிட்டது, தேய்த்தது நீங்களும் நானும் இல்லை. யூடியூபில் முதலில் ஐந்து நட்சத்திரம்தான் இருந்தது. போடுகிறவர்கள் பெரும்பாலும் 5-தான் போடுகிறார்கள் என்று 2009-ல் அவர்களே எழுதி, 2010-ல் விருப்பம், விருப்பமில்லை என்ற இரண்டு பொத்தானுக்கு மாறினார்கள். நெட்ஃபிளிக்ஸ் 2017-ல் அதே மாதிரி கட்டை விரலுக்கு மாறியது. வீடியோவுக்கே ஐந்து படி தேவைப்படவில்லை. மனிதர்களுக்கு மட்டும் அதை விட்டுவைத்திருக்கிறார்கள். எனவே நடைமுறையில் 5 என்பதை "வேலை முடிந்தது, குறையில்லை" என்று எடுத்துக்கொள்ளுங்கள். பிரமாதமாகச் செய்தவரைத் தனியாகக் காட்ட விரும்பினால் எழுத்தில் காட்டுங்கள், ஆப்பில் டிப் கொடுக்க வழி இருந்தால் ரெண்டு வெள்ளி (ரிங்கிட்) சேர்த்துக் கொடுங்கள். டிப் கொடுக்கும் பழக்கம் நம் நாட்டில் அவ்வளவாகக் கிடையாது, அதனாலேயே அந்த ரெண்டு வெள்ளி மனதில் நிற்கும்.

அதற்காக "யாருக்கும் எப்போதும் 5, கண்ணை மூடிக்கொண்டு" என்று சொல்கிறவர்களோடு நான் சேரமாட்டேன். ஓட்டிக்கொண்டே போனில் வீடியோ பார்த்தவர், சிவப்பு விளக்கைத் தாண்டியவர், சக்கர நாற்காலியைப் பார்த்ததும் கேன்சல் பண்ணிவிட்டுப் போனவர், பயணியை இழிவாகப் பேசியவர், இவர்களுக்கு 5 போட்டால் அடுத்து ஏறப்போகும் இன்னொருவருக்குத்தான் துரோகம். அவர் கையில் இருந்ததை அவர் செய்யவில்லை என்றால் குறைத்துப் போடுங்கள், கூடவே என்ன நடந்தது, எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் என்று எழுதுங்கள். காரணம் எழுதிய 2 நட்சத்திரத்தை அறிக்கையில் நாங்கள் மதித்துப் படிப்போம். காரணம் எழுதாத 1-ஐ யாரும் படிப்பதில்லை, கணினி கூட்டிக் கழித்துவிட்டுப் போய்விடும்.

மூன்றாவது கேள்விக்கு வந்துவிட்டேன். உங்களைப் போலத் தனியாக வந்து வேலை பார்க்கும் பெண்களுக்கு இது முக்கியம். ராத்திரி ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார், வேண்டாத கேள்வி கேட்டார், வழியை மாற்றினார் என்றால் அதற்கு நட்சத்திரம் பதில் இல்லை. 1 போட்டால் சராசரியில் கரைந்துவிடும், அவ்வளவுதான். என் தங்கை மகள் உட்படப் பல பெண்கள் இப்படி நடந்தும் பயத்தில் 5 போட்டிருக்கிறார்கள், "வீடு எதுன்னு அவனுக்குத் தெரியுமே மாமா" என்று. இந்தப் பயத்தை மதிக்க வேண்டும். மதிப்பெண் முறைக்குள் இரண்டு பக்கமும் பழிவாங்கும் பயம் எப்போதுமே இருந்திருக்கிறது. ஈபேயில் விற்றவர்கள் வாங்கியவர்களுக்குப் பதிலுக்குப் பதில் மோசமாக எழுதுகிறார்கள் என்று 2008-ல் அந்த உரிமையையே எடுத்துவிட்டார்கள். ஏர்பிஎன்பி 2014-ல், இரண்டு பேரும் எழுதி முடிக்கும்வரை, அல்லது 14 நாள் கெடு முடியும்வரை, ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாதபடி மாற்றியது.

அதனால் அப்படி ஒன்று நடந்தால் நட்சத்திரத்தை விட்டுவிடுங்கள். வண்டியில் இருக்கும்போதே என்றால் ஆப்பில் இருக்கும் அவசரப் பொத்தான், அல்லது 999. இறங்கிய பிறகு என்றால் சவாரி விவரம், வண்டி எண், நேரம் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் உதவிப் பிரிவில் பாதுகாப்புப் புகாராகக் கொடுங்கள், சாதாரணக் கருத்தாகக் கொடுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு மேசைக்குப் போகும். தரைப் பொதுப் போக்குவரத்தைக் கவனிக்கும் அரசு அமைப்பான அபாட்டிடமும் புகார் செய்யலாம். பாலியல் தொல்லை என்றால் 2022-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அதற்கென்றே தனித் தீர்ப்பாயம் இருக்கிறது, போலீஸ் புகாரும் கொடுக்கலாம். வீட்டு வாசலிலேயே இறங்காமல் கார்டு போஸ்ட்டிலோ பக்கத்துக் கடையிலோ இறங்கும் பழக்கமும் நல்லது.

ஓட்டுநர்கள் பக்கம் ஒரு நல்ல செய்தியும் உண்டு. 2019-லிருந்து இங்கே ஆப்பில் ஓட்டுகிறவர்களுக்கு பிஎஸ்வி லைசென்ஸ், அதாவது பொதுச் சேவை வாகனம் ஓட்டும் உரிமம், கட்டாயம், பயிற்சி எடுத்து மருத்துவப் பரிசோதனை முடித்துத்தான் வர முடியும். இவ்வளவு செய்து வந்தவரின் கணக்கு காரணம் தெரியாமல் முடங்கிப்போனால் யாரிடம் போய்க் கேட்பது என்று வழி இல்லாமல் இருந்தது. 2025 ஆகஸ்டில் மக்களவையில் கிக் தொழிலாளர், அதாவது ஆப் மூலம் வேலைக்கு வேலை கூலி வாங்குகிறவர்கள் போன்றவர்களுக்கான மசோதா நிறைவேறியது. தொழிலாளர் குறையைக் கேட்க நிறுவனத்துக்குள் ஓர் ஏற்பாடு, அதிலும் தீராவிட்டால் தீர்ப்பாயம் என்று அதில் வருகிறது. அது நடைமுறையில் எப்படிப் போகிறது என்பதை இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் ஆவலோடு பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், நானும்தான்.

கடைசியாக ஹோட்டல் விஷயம் ஒன்று, நீங்கள் கேட்கவில்லை, ஆனால் லீவுக்கு எங்காவது தங்கும்போது உதவும். எங்கள் ஹோட்டலில் தினம் காலையில் பிரீஃபிங்கில் முந்தைய நாள் வந்த டிரிப்அட்வைசர் விமர்சனங்களை வாசிப்போம். பெயர் வந்தவர்களுக்குக் கைதட்டல், மாதக் கடைசியில் அதிகப் பெயர் வந்தவருக்குச் சின்னதாக ஒரு பரிசு. முன்மேசைப் பெண்ணின் பெயர் வரும், பெட்டி தூக்கும் தம்பியின் பெயர் வரும், நீச்சல் குளத்துப் பையன் பெயர் கட்டாயம் வரும். அறை சுத்தம் செய்யும் அக்காக்கள் பெயர் வராது. விருந்தினர் வெளியே போன பிறகுதான் அவர்கள் உள்ளே வருவார்கள், அதுதான் அவர்கள் வேலையின் ஒழுங்கே. அதில் ஓர் அக்கா பிறையிலிருந்து தினமும் விடியற்காலையில் கிளம்பி இரண்டு பஸ் மாறி வருவார். பிள்ளைகள் தங்கும் அறையாக இருந்தால் துண்டை யானை மாதிரி மடித்துக் கட்டில் மேல் வைத்துவிட்டுப் போவார். "ஹவுஸ்கீப்பிங் மிகவும் நன்று" என்று நிறையப் பேர் எழுதினார்கள். அது யாருக்கும் சேராது. ஒரு கறை, ஒரு முடி என்று புகார் வந்தால் மட்டும் அறை எண்ணோடு வரும், அப்போது யார் என்று ரோஸ்டரைப் பார்த்து உடனே கண்டுபிடித்துவிடுவோம்.

பாராட்டும்போதும் அதே மாதிரி எழுதுங்கள். பெயர் தெரியவில்லை என்றால் பரவாயில்லை, அறை எண்ணையும் தங்கிய தேதியையும் போட்டு, அறையைச் சுத்தம் செய்தவர் நன்றாகச் செய்திருந்தார் என்று ரெண்டு வரி. பொதுவில் அறை எண் போடத் தயக்கமாக இருந்தால் கிளம்பும்போது முன்மேசையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். அன்றைக்கு அந்த மாடியில் யார் டியூட்டி என்று சூப்பர்வைசர் பார்த்துக்கொள்வார்.